மேல்வரி

எங்கள் ஊர்த் திரையில் எந்தப் படத்துக்கும்
அடியில் இரண்டே வரி.
மேலே ஃபின்னிஷ், என்னுடையது.
கீழே சுவீடிஷ், ஹெல்மருடையது.
ஊருக்கே இரண்டு பெயர்:
துர்க்கு என்பேன் நான், ஓபோ என்பான் அவன்.
சண்டை ஒன்றுமில்லை,
இடம்தான் போதவில்லை.

வரிக்கு முப்பத்தாறு எழுத்து.
புள்ளியும் எழுத்து, இடைவெளியும் எழுத்து.
என் மொழியில் உருபுகள் எல்லாம்
சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும்.
'எங்கள் வீடுகளிலிருந்துகூடவா' என்று கேட்க
ஒரே சொல் போதும்;
அந்த ஒரே சொல்
பாதி வரியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

ஹெல்மருக்கு வேறு தொல்லை.
அவன் மொழியில் 'இல்லை' கடைசியில் வரும்.
போன வருஷம் ஒரு படத்தில்
'வெறுக்கிறேன் உன்னை' என்பதோடு வெட்டிவிட்டான்.
மீதி அடுத்த தலைப்பில் வந்தது.
இடையில் இரண்டு நொடி,
அரங்கத்தில் பாதிப் பேருக்கு மட்டும்
அந்தத் தாய் மகனை வெறுத்தாள்.

இந்த முறை ஜார்ஜியாவிலிருந்து ஒரு படம்.
முதல் இருபது நிமிடமும் பனி.
வெள்ளை மலை, வெள்ளைக் கூரை,
அதன்மேல் எங்கள் வெள்ளை எழுத்து.
மஞ்சளாக்குங்கள் என்றார் விநியோகஸ்தர்.
முட்டைக்கரு சிந்தினாற்போல் இருக்கும், வேண்டாம் என்றேன்.
எழுத்துக்கு எழுத்து மயிரிழையில் கறுப்புக் கரை கட்டினோம்.
காலி அரங்கில் அவன் முதல் வரிசை, நான் கடைசி.
'தெரிகிறதா?'
'தெரிகிறது. படித்து முடிப்பதற்குள் போய்விடுகிறது.'
பன்னிரண்டு சட்டகம் கூட்டினோம். அரை நொடி.

கதை இதுதான்:
நத்தேலா ஒருவருக்காகக் காத்திருக்கிறாள்.
மலையூர் முழுக்க விசாரிக்கிறது:
வந்தாச்சா? கடிதம் போட்டாச்சா? காய்ச்சல் விட்டாச்சா?
ஜார்ஜிய மொழியில்
ஆணுக்கும் பெண்ணுக்கும் சுட்டுச்சொல் ஒன்றே.
அதை நம்பித்தான் படத்தையே எடுத்திருக்கிறார்கள்.
என் மொழியிலும் ஒன்றே.
நான் மூன்று நாளில் முடித்துவிட்டேன்.

இரவு பதினொன்றுக்கு ஹெல்மர் கூப்பிட்டான்.
'உனக்கென்ன, ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டாய்.
நான் உண்மையைப் போட்டால்
ஐந்தாம் நிமிடத்தில் படம் முடிந்தது.
மற்றதைப் போட்டால் பொய்.'
புதிதாய் ஒரு பொதுச்சொல் இருக்கிறதே என்றேன்.
'இருக்கிறது.
எழுபதுகளின் ஆட்டிடையன் வாயில்
பிளாஸ்டிக் பல் மாதிரி.'

அறுபத்தோரு இடம்.
ஒவ்வொன்றிலும் ஆளை எடுத்துவிட்டு
சேதி, காலடி, காய்ச்சல், காலி நாற்காலி என்று
பொருளைக் கொண்டுவந்து வைத்தான்.
மாமனார் வீட்டுத் தோட்டத்தில்
முள் பொறுக்குவது போல் இருந்தது என்றான்.
அறுபது முடிந்தது.
நாற்பத்தேழாம் நிமிடத்தில் நத்தேலா
தூக்கத்தில் அந்த ஒரே சொல்லைச் சொல்கிறாள்.
அதற்குப் பதில் வைக்க ஒன்றும் இல்லை.
அந்த இடத்தைக் காலியாக விட்டான்.
என் வரி மட்டும் தனியாக, கீழே யாருமில்லாமல்.

முதல் காட்சி வெள்ளிக்கிழமை.
ஔரா ஆறு உறைந்திருந்தது,
ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாசனை அரங்கம் முழுக்க.
நான் திரையைப் பார்க்கவில்லை, பின்தலைகளைப் பார்த்தேன்.
யார் மேலே படிக்கிறார், யார் கீழே என்று
பின்தலையில் தெரியாது.
கடைசிக் காட்சி. பேருந்து. கதவு.
பச்சைக் கோட்டு, கையில் மரப்பெட்டி, எத்தேரி.
இறங்கினாள்.

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
பிறகு எல்லா நாற்காலியும்.

வெளியே டிக்கெட் கூண்டருகே ஒரு முதியவர்
தொப்பியைச் சரிசெய்தபடி சுவீடிஷில் புகார் சொன்னார்:
நடுவில் ஓரிடத்தில் வரி விட்டுப்போயிருக்கிறது,
யாராவது கவனித்தீர்களா?
ஹெல்மர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.
ஆமாம், என்றான். விட்டுப்போயிருக்கிறது.